பிறவிக் குறைபாடு: ‘ஏன்’ என்பதற்கு முன்னால் ‘எப்போது’

“ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றுதானே சொன்னார்கள், அப்புறம் எப்படி இதயத்தில் ஓட்டை?” பிறந்த குழந்தைகளைப் பார்க்கும் எந்த மருத்துவமனையிலும் இந்தக் கேள்வி கேட்காத நாள் இருக்காது. இதற்கு நேர் எதிரான கேள்வியும் உண்டு: ரத்தப் பரிசோதனையில் ‘ஹை ரிஸ்க்’ என்று வந்து, மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, கடைசியில் குழந்தை பிறந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை, அப்படியானால் அந்த டெஸ்ட் எதற்கு? இரண்டிலும் யாரோ ஏமாற்றிவிட்டதாகத்தான் முதலில் தோன்றும். ஆனால் பல நேரங்களில் நடந்தது வேறு. எந்தப் பரிசோதனை எதைப் பார்க்கும், எப்போது பார்க்கும், எதைப் பார்க்கவே முடியாது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதை அடியிலிருந்து பார்ப்போம்.

## ஒரே பெயர், பல சங்கதிகள்

பிறக்கும்போதே உடலின் அமைப்பிலோ செயல்பாட்டிலோ இருக்கும் கோளாறுதான் பிறவிக் குறைபாடு. இதில் ‘செயல்பாட்டிலோ’ என்ற சொல்லைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரியும். தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் பிறந்த குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். இரண்டுமே பிறவிக் குறைபாடுதான், அதிலும் பார்க்கச் சாதாரணமாக இருக்கிறதே, அதுதான் கவனிக்காமல் விட்டால் மூளையைக் கெடுக்கும்.

‘பிறவியிலேயே இருப்பது’ வேறு, ‘பரம்பரையாக வருவது’ வேறு. இந்த இரண்டையும் நாம் சேர்த்துச் சேர்த்தே பேசுகிறோம். கருவில் ருபெல்லா என்ற வைரஸ் தொற்றி வந்த கண்புரை பிறவிக் கோளாறு, பரம்பரை அல்ல. மூளையை மெல்ல மெல்லச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் பரம்பரை, ஆனால் பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டும். டவுன் சிண்ட்ரோம், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கோளாறு. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு அது பெற்றோரிடமிருந்து ‘வந்தது’ அல்ல; கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போனதால் புதிதாக நேர்ந்தது.

உலகில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பிறவிக் குறைபாடு இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பிறந்த 28 நாளுக்குள் இதனால் இறக்கும் குழந்தைகள் ஆண்டுக்கு சுமார் 2,40,000. இந்த 6 சதவீதத்தில் வாழ்நாள் முழுக்க யாரும் கண்டுகொள்ளாத சின்ன விஷயமும் உண்டு, சில மணி நேரத்தில் உயிரைப் பறிப்பதும் உண்டு. ஆகவே “குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு” என்று மட்டும் யாராவது சொன்னால், அவர்கள் உண்மையில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

## இரண்டு கணக்குகள் ஓடுகின்றன

குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கர்ப்பத்தை டாக்டர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உருவாவதோ அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ‘ஆறு வாரக் கர்ப்பம்’ என்றால் கருவின் வயது நான்கு வாரம். இந்த இரண்டு வார வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். கீழே வரும் கணக்கைப் பாருங்கள்.

மூளையும் தண்டுவடமும் ஆரம்பத்தில் ஒரு தட்டையான தகடுபோல இருக்கும். அதன் விளிம்புகள் மடிந்து, ஒட்டி, குழாயாகின்றன. கருவான 28ஆம் நாள் வாக்கில் குழாய் மூடி முடிந்துவிடும். மூடாமல் போனால் தண்டுவடப் பிளவு, அல்லது மண்டையும் மூளையும் உருவாகாத நிலை. இதைக் கர்ப்பக் கணக்கில் போட்டால் 42ஆம் நாள். மாதவிடாய் 28ஆம் நாள் வரவேண்டும், வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார், 35ஆம் நாள். பரிசோதித்து, உறுதியாகி, டாக்டரிடம் நேரம் வாங்கி, போய் உட்காரும்போது 50 நாள் தாண்டியிருக்கும். டாக்டர் ஃபோலிக் அமில மாத்திரை எழுதித் தருகிறார். அந்த மாத்திரை எதைத் தடுக்கவேண்டுமோ அது நடக்கவேண்டிய காலம் ஒரு வாரத்துக்கு முன்பே முடிந்துபோயிற்று.

கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஏற்கெனவே இத்தகைய குழந்தை பிறந்த தாய்மார்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்கியவர்களிடம் இந்தக் குறைபாடு 72 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குக் கொடுத்தது 4 மில்லிகிராம், வழக்கமான அளவைப்போல பத்து மடங்கு. திட்டமிடாமல் உண்டாகும் கர்ப்பங்கள் ஏராளம் என்பதால், மாத்திரையை மட்டும் நம்பாமல் மாவிலேயே ஃபோலிக் அமிலத்தைக் கலக்கும் வழியைப் பல நாடுகள் எடுத்தன. அமெரிக்காவில் இது 1998இல் கட்டாயமானது.

மற்ற உறுப்புகளுக்கும் இப்படி ஒரு காலவரிசை உண்டு. கருவின் வயதில் சொன்னால்:

1. இதயம்: 3ஆம் வாரம் தொடங்கி, 8ஆம் வார வாக்கில் அறைகளும் சுவர்களும் அமைந்துவிடும்.
2. கை கால்கள்: 4 முதல் 8 வாரம்.
3. மேலுதடு: 7ஆம் வார வாக்கில் ஒட்டி முடிந்துவிடும். அண்ணம் கொஞ்சம் பின்தங்கி, 10 அல்லது 12 வாரம் வரை போகும்.
4. மூளை: குழாய் மூடுவது தொடக்கம் மட்டுமே. வளர்ச்சி பிரசவம் வரைக்கும், அதன் பிறகும் நடக்கும். மது கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் கெடுதல் செய்ய முடிவது இதனால்தான்.

உதட்டுப் பிளவோடு ஒரு குழந்தை பிறக்கிறது. ஏழாம் மாதத்தில் தாய் தடுமாறி விழுந்ததுதான் காரணம் என்கிறார் ஒருவர், எட்டாம் மாதம் போட்ட ஊசி என்கிறார் இன்னொருவர். உதடு ஒட்டவேண்டிய நாள் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே போய்விட்டது. விழுந்ததற்கும் பிளவுக்கும் சம்பந்தம் இருக்கவே முடியாது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பேச்சில் முக்கால்வாசியை இந்த ஒரு காலண்டர் தீர்த்துவிடும் என்பது என் எண்ணம். இதை அச்சடித்து ஒவ்வொரு பிரசவ வார்டிலும் மாட்டலாம்.

காலக்கணக்கு எவ்வளவு கறார் என்பதற்குத் தாலிடோமைடைவிடப் பெரிய சாட்சி கிடையாது. மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்து, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட தூக்க மாத்திரை அது. கை கால் குறுகியும் இல்லாமலும் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் 10,000க்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. கருவான 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வாக்கு வரைதான் அபாயக் காலம். அதற்குள் எடுத்தவருக்கு ஒரு மாத்திரையே போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு டப்பா டப்பாவாக எடுத்தவரின் குழந்தை கை கால் நன்றாகவே பிறந்தது. அமெரிக்காவில் மருந்து ஒழுங்குமுறை அதிகாரி ஃபிரான்சஸ் கெல்சி, பாதுகாப்புக்கான சான்று போதாது என்று சொல்லி அனுமதிக் கோப்பை நகரவிடாமல் வைத்திருந்தார். அந்தப் பிடிவாதத்தால் அந்த நாட்டில் பாதிப்பு மிகச் சிறிய அளவோடு நின்றது.

## பானை கெடும் நாலு வழிகள்

ஒரு மண்பானை கோணலாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகியிருக்கலாம்?

1. வனையும்போதே கை தவறியிருக்கலாம். உறுப்பு உருவாகும் கட்டத்திலேயே சரியாக உருவாகாமல் போவது இது. இதயச் சுவரில் ஓட்டை, உதட்டுப் பிளவு இந்த வகை.
2. நன்றாக வனைந்த பானை பிறகு உடைந்திருக்கலாம். பனிக்குடச் சவ்வின் இழை ஒன்று விரலைச் சுற்றி இறுக்கி, நன்றாக வளர்ந்த விரல் குட்டையாகிப்போவது இதற்கு உதாரணம்.
3. ஈரம் காயும் முன்னே பக்கத்தில் எதுவோ அழுத்தியிருக்கலாம். பனிக்குட நீர் குறைந்து இடமில்லாமல் பாதம் மடங்கிக் கிடப்பது, இரட்டைக் குழந்தைகள் நெருக்கியதில் தலை ஒரு பக்கம் சப்பையாவது.
4. மண்ணே சரியில்லாமல் இருக்கலாம். எலும்பு, தோல் போன்ற ஒரு திசுவின் அமைப்பிலேயே கோளாறு என்பதால், அந்தத் திசு உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தெரியும். எலும்பு வளர்ச்சிக் கோளாறால் வரும் குள்ளத்தன்மை இப்படிப்பட்டது.

இதைப் பிரித்துப் பார்ப்பது வெறும் பெயர் வைக்கிற வேலை இல்லை. மூன்றாம் வகை பல நேரம் பயிற்சியிலும் மாவுக்கட்டிலும் நிமிர்ந்துவிடும். இரண்டாம் வகை பெரும்பாலும் அடுத்த குழந்தைக்கு வராது. முதல் வகையில் பெரும்பாலானவை பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து உண்டாக்குவதால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக 2 முதல் 5 சதவீதத்துக்குள் நிற்கும். நான்காவது பெரும்பாலும் ஒற்றை மரபணுவின் வேலை. அங்கே கணக்கு 25, 50 சதவீதம் என்றுகூட ஏறலாம். வெளியிலிருந்து பார்த்தால் நாலும் ‘கோணல் பாதம்’தான்.

## டாக்டர் அப்படி என்னதான் பார்க்கிறார்?

மரபணு நிபுணரிடம் போனால் முதல் அரை மணி நேரம் குழந்தையைத் தொடவே மாட்டார், காகிதத்தில் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக்கொண்டிருப்பார். சதுரம் ஆண், வட்டம் பெண். மூன்று தலைமுறை. யாருக்குக் கருச்சிதைவு, எத்தனை முறை, பிறந்து இறந்த குழந்தை உண்டா, பெற்றோர் இருவரும் ரத்த உறவா என்று கேட்டுக்கொண்டே போவார். ரத்த உறவுக் கேள்வியில் சிலர் கோபப்படுவதுண்டு. பெரியப்பா, அத்தை, மாமன் பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களுக்குப் பெரிய பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு (சின்னவற்றைச் சேர்க்காமல்) பொதுவான 2–3 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பதுதான் காரணம். அப்போதும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் காரணம் தேடும் டாக்டருக்கு, பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்திருக்குமா என்று பார்க்க இது நேர்வழி காட்டுகிறது.

அடுத்து கர்ப்பகாலக் கதை, தேதியோடு. காய்ச்சல் வந்ததா என்றால் எந்த வாரம், மாத்திரை என்றால் எது, எப்போதிலிருந்து எப்போதுவரை. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தைக் கர்ப்பத்தில் எடுத்தால் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு சுமார் 10 சதவீதம். முகப்பருவுக்கான ஐசோட்ரெடினோயின் இன்னும் மோசம். கருவாகும் நேரத்தில் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் இதயக் குறைபாட்டுக்கு முக்கியக் காரணம். (வலிப்பு மருந்தைப் பயந்துகொண்டு தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாற்றவேண்டியிருந்தால் கருத்தரிக்கும் முன் டாக்டரோடு பேசி மாற்றவேண்டும்.)

தாய்மார்கள் சொல்வதைக் கேட்டே மருத்துவம் பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்த கதையும் உண்டு. 1941இல் சிட்னி கண் டாக்டர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்து விசாரித்தபோது, அவர்களின் அம்மாக்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ருபெல்லா வந்திருந்தது தெரிந்தது. லேசான தடிப்பும் காய்ச்சலுமாக வந்து போகும் அந்த நோயை அதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று தடுப்பூசி இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் உடல் பரிசோதனை. இங்கே முக்கியக் கருவி இன்ச் டேப். தலைச் சுற்றளவைப் புருவத்துக்கு மேலே, பின்மண்டையின் துருத்திய இடத்தின் வழியாக அளந்து, பெரிய எண்ணைக் குறித்துக்கொள்வார். தலை பெரிதாக இருந்தால் அடுத்து டேப் எங்கே போகும் தெரியுமா, அப்பாவின் தலைக்கு. அப்பாவுக்கும் அதே அளவில் பெரிய தலை, குழந்தையின் வளர்ச்சியிலும் குறையில்லை என்றால், பல நேரம் ஸ்கேனே தேவைப்படாது. குடும்ப வாகு, அவ்வளவுதான்.

அண்ணத்தைப் பார்க்க விரலால் தடவினால் மட்டும் போதாது. டார்ச் அடித்து, நாக்கை அழுத்தி, உள்நாக்கு வரை பார்க்கவேண்டும். மென்மையான பின்பகுதியில் மட்டும் இருக்கும் பிளவு விரலுக்கு அகப்படாமல் போய், “பால் மூக்கு வழியாக வருகிறது” என்று வாரங்கள் கழித்துத் திரும்பி வரும். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிச் சிவப்பு பிரதிபலிக்கிறதா என்று பார்ப்பது கண்புரையையும் விழித்திரைக் கட்டியையும் பிடிக்க. தொடையை மடக்கி விரித்துப் பார்ப்பது இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறதா என்று அறிய.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் டாக்டரின் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இது தனியாக வந்ததா, கூட்டத்தோடு வந்ததா? உதட்டுப் பிளவு மட்டும் என்றால் ஒரு பாதை. உதட்டுப் பிளவோடு இதயத்தில் கோளாறு, காது தாழ்ந்திருக்கிறது, எடை குறைவு என்றால் பாதையே வேறு. கெடுதல் செய்யாத சின்ன அடையாளங்களை எண்ணுவதும் இதற்காகத்தான். உள்ளங்கையில் குறுக்காக ஒற்றைக் கோடு இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்கும், ஆனால் எந்தக் குறையும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு நாலு பேர் போல வைத்திருக்கிறார்கள். தனியாக அதற்கு அர்த்தமே இல்லை. இப்படிப்பட்ட அடையாளங்கள் மூன்று அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் உள்ளே பெரிதாக ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பிப்பார்கள். கைக்கோட்டைப் போட்டோ எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

## ‘ஹை ரிஸ்க்’ என்றால் என்ன?

ஸ்கிரீனிங் வேறு, நோயைக் கண்டறிவது வேறு. ஸ்கிரீனிங் என்பது சல்லடை. யாரை மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்று பிரித்துத் தரும், தீர்ப்புச் சொல்லாது.

தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடி டி.என்.ஏவைப் பார்க்கும் புதிய பரிசோதனையை ‘99 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அது பொய்யில்லை, ஆனால் நீங்கள் நினைக்கும் அர்த்தமும் இல்லை. கணக்கைப் போட்டே பார்ப்போம். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் 99 சதவீதம் பிடிக்கும், இல்லாதவர்களில் 1,000க்கு ஒருவருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று சொல்லும் என்று வைத்துக்கொள்வோம்.

1. வாய்ப்பு 1,000இல் 1 உள்ள இளவயதுத் தாய்மார்கள் 10,000 பேர். பாதிப்புள்ள குழந்தைகள் 10; அனைவரும் பிடிபடுகிறார்கள். மீதி 9,990 பேரில் தவறாகப் பிடிபடுவது 10. ‘பாசிட்டிவ்’ என்று கேட்ட 20 பேரில் உண்மை 10 பேருக்கு மட்டும்.
2. வாய்ப்பு 100இல் 1 உள்ளவர்கள், நாற்பது வயதை ஒட்டியவர்கள், 10,000 பேர். பாதிப்புள்ளவை 100, பிடிபடுவது 99. தவறாகப் பிடிபடுவது சுமார் 10. ‘பாசிட்டிவ்’ 109 பேரில் உண்மை 99.

மெஷின் அதேதான், ரசாயனமும் அதேதான். முதல் வரிசையில் ‘பாசிட்டிவ்’ என்றால் நாணயத்தைச் சுண்டியதுபோல. இரண்டாவதில் பத்துக்கு ஒன்பது. ஆகவே இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது. பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்து உறுதி செய்த பிறகுதான் பேச்சு.

ஸ்கேனுக்கு வருவோம். 18 முதல் 22 வாரத்தில் எடுக்கும் ஸ்கேன் மண்டையும் முதுகெலும்பும் மூடியிருப்பதை நன்றாகவே காட்டும். இதயம் அப்படியல்ல. சின்ன ஓட்டை அந்த அளவில் கண்ணுக்கு அகப்படாது. சில ரத்தக்குழாய்கள் கருவில் திறந்திருப்பதுதான் இயல்பு என்பதால், பிறந்தபின் மூடுமா மூடாதா என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. எலும்பு வளர்ச்சிக் கோளாறுகளில் சில, கடைசி மூன்று மாதத்தில்தான் கை கால் குறுகிக் காட்டும். காது கேளாமை, தைராய்டுக் குறைவு, வளர்சிதை மாற்றக் கோளாறு எதுவும் எந்த ஸ்கேனிலும் தெரியாது. ‘நார்மல் ஸ்கேன்’ என்றால் அன்றைக்கு, அந்தக் கோணத்தில், தெரியக்கூடியவை சரியாக இருந்தன என்று அர்த்தம்.

## பிறந்த முதல் வாரம்

ஸ்கேன் விட்டதைப் பிடிக்க இரண்டு எளிய வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விளக்கு மினுக்கும் சின்னக் கருவி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர். பிறந்து ஒரு நாள் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் மாட்டிப் பார்ப்பார்கள். ஏன் வலது கை, ஏன் கால்? கருவில் நுரையீரல் வேலை செய்யாததால் ரத்தத்தைத் திருப்பிவிட ஒரு குறுக்குவழிக் குழாய் இருக்கும். வலது கைக்குப் போகும் ரத்தம் அந்தக் குழாய் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடும், காலுக்குப் போவது அதைத் தாண்டித்தான் போகும். இரண்டு எண்களும் 95 அல்லது அதற்கு மேல், ஒன்றுக்கொன்று வித்தியாசம் 3க்குள் என்றால் நிம்மதி. 90க்குக் கீழே என்றால் உடனே இதய ஸ்கேன். சில மோசமான இதயக் குறைபாடுகளில் குழந்தையை உயிரோடு வைத்திருப்பதே அந்தக் குறுக்குவழிதான், அது சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும். வீட்டுக்குப் போகும்வரை குழந்தை பால் குடிக்கிறது, தூங்குகிறது, அப்புறம் திடீரென்று ஒரு நாள் சரிகிறது என்றால் நடந்தது இதுவாக இருக்கலாம். ஆக்ஸிஜன் ஓரளவு குறைந்தாலும் தோலில் நீலம் கண்ணுக்குத் தெரியாது. வெறும் கண்ணை நம்பாமல் கருவியை மாட்டுவது அதனால்தான்.

இரண்டாவது, குதிகாலில் குத்தி வடிகட்டித் தாளில் எடுக்கும் சில சொட்டு ரத்தம். பொதுவாக இரண்டு மூன்று நாளில் எடுப்பார்கள். தைராய்டுக் குறைவு 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். கருவில் தாயின் ஹார்மோன் ஓரளவு ஈடு செய்வதால் பிறக்கும்போது அடையாளமே இருக்காது. முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால் மூளை வளர்ச்சி பெரும்பாலும் தப்பிவிடும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் இழந்தது திரும்பி வராது.

## மரபணு ரிப்போர்ட்டில் ‘தெரியவில்லை’ என்று வந்தால்

குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது பழைய முறை. 1959இல் டவுன் சிண்ட்ரோமின் கூடுதல் குரோமோசோமை ஜெரோம் லெஜூன் குழு வெளியிட்டது அப்படித்தான். காரணம் புரியாத பல குறைபாடுகளோ வளர்ச்சித் தாமதமோ உள்ள குழந்தைகளில், டவுன் போன்ற வெளிப்படையானவற்றைத் தள்ளிவிட்டால், அந்த முறை நூற்றுக்கு மூன்று பேரிடம்தான் விடை தந்தது. சின்னச் சின்ன இழப்பையும் கூடுதலையும் காட்டும் மைக்ரோஅர்ரே 15 முதல் 20 பேரிடம் தருகிறது. மரபணுக்களை எழுத்து எழுத்தாகப் படிக்கும் முறைகள் அதற்கும் மேலே. இருந்தும் பாதிக்கு மேற்பட்ட பிறவிக் குறைபாடுகளுக்குக் குறிப்பிட்ட காரணம் இன்றுவரை அகப்படுவதில்லை.

ரிப்போர்ட்டில் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்று ஒரு வரி வந்தால் நோய் என்று படிக்காதீர்கள். அந்த எழுத்து மாறியிருக்கிறது, மாறியதால் கெடுதலா இல்லையா என்று சொல்லப் போதிய தரவு இல்லை, அவ்வளவே. சில ஆண்டுகளில் அதே ரிப்போர்ட்டைத் திரும்பப் படிக்கச் சொன்னால் பதில் மாறியிருக்கலாம். அதனால் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ‘25 சதவீதம்’ என்பதையும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். “நாலில் ஒன்று என்றீர்கள், ஒன்று பிறந்துவிட்டது, இனி மூன்று தப்பித்தது” என்று நினைப்பது சகஜம். தாயக்கட்டைக்கு முன்னால் விழுந்தது ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று என்று புதிதாகத்தான் உருள்கிறது.

## அதே குறைபாடு, வேறு வேறு வாழ்க்கை

‘மரபணுவில் இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது’ என்ற பேச்சை உடைக்க பினைல்கீட்டோனூரியா என்ற ஒற்றை நோய் போதும். 1934இல் நார்வே டாக்டர் அஸ்ப்யார்ன் ஃபாலிங் விவரித்தது. புரதத்தில் உள்ள பினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதி இல்லாததால் அது தேங்கி மூளையைப் பாழாக்கும். முழுக்க முழுக்க மரபணு நோய். ஆனால் பிறந்த உடனே கண்டுபிடித்து, அந்த அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் குழந்தை மற்றவர்களைப்போலவே வளர்ந்து படித்து வேலைக்குப் போகிறது. 1960களில் ராபர்ட் கத்ரியின் ரத்தப்பொட்டுப் பரிசோதனை பரவியபோதுதான் இது பெரிய அளவில் சாத்தியமானது. மரபணு துளியும் மாறவில்லை, தட்டில் இருப்பது மாறியது. இப்போது இது மரபணு நோயா, உணவு நோயா?

டவுன் சிண்ட்ரோமையும் பாருங்கள். வசதியான நாடுகளில் 1980களின் தொடக்கத்தில் அவர்களின் ஆயுள் 25 வயது வாக்கில் இருந்தது. இன்று 60ஐ ஒட்டி வந்துவிட்டது. கூடுதல் குரோமோசோம் அப்படியே இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும் இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை மறுப்பதை நிறுத்தினார்கள், காப்பகத்தில் அடைக்காமல் வீட்டில் வளர்த்தார்கள். அறுவை சிகிச்சைக்கு வழியே இல்லாத இடத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த 60 இன்னும் எட்டாக்கனிதான். கடுமையான பிறவிக் குறைபாடுகளில் பத்துக்கு ஒன்பது, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் நேர்கின்றன. தாயின் சத்துக்குறைவு, தடுப்பூசி போடாதது, கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் கருவாகும் முன்பே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. பிறந்தபின் தாமதமாகக் கண்டுபிடிப்பதும் எட்டாத தூரமும் மேலே ஏறுகின்றன.

நோயின் பெயரைவிடச் சுற்றியிருப்பது எப்படி முந்திக்கொள்கிறது என்பதற்கு வளைபாதம்தான் எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம். ஆயிரத்துக்கு ஒரு குழந்தைக்கு வருவது. இக்னாசியோ பொன்செட்டி என்ற டாக்டர் அமெரிக்காவின் அயோவாவில் உருவாக்கிய முறையில் பெரிய அறுவை சிகிச்சை இல்லை. வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டு. பொதுவாக ஐந்து முதல் ஏழு கட்டு. பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு. பாதம் நேராகிவிடும். சிகிச்சை அங்கே முடிவதில்லை. அதன் பிறகு இரண்டு காலணிகளையும் ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரமும், அப்புறம் நாலு வயதுவரை தூங்கும்போதெல்லாமும் மாட்டவேண்டும்.

வளைவு திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் பிரேஸை விட்டுவிடுவது. ரிப்போர்ட்டில் அதைப் ‘பெற்றோரின் ஒத்துழைப்பின்மை’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தை முதல் சில இரவுகள் கம்பியை உதைத்து உதைத்து அழும், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முறைப்பார்கள். பாதம் நேராகத்தானே இருக்கிறது, இன்னும் எதற்கு இந்தச் சித்திரவதை என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். காலணி சிறியதாகும்போது புதியது வாங்கவேண்டும். பரிசோதனைக்குப் போகும் நாளில் ஒருவர் சம்பளத்தை விடவேண்டும், ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் டாக்டர் இருக்கவேண்டும். இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையின் காலில் அந்த வாரை மறுபடி இறுக்க இன்னொரு கை வீட்டில் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் முதல் மாவுக்கட்டு போடும் அன்றைக்கே.